குழந்தை வளர்ச்சிக் கல்வியில் ஆங்கிலத் திறன்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்து, மனையியல், மனித வளர்ச்சி, முன்பருவக் கல்வி ஆகிய பாடங்களை ஆங்கிலத்தில் பயிலும் மாணவர்களுக்கு ஆங்கிலத் திறன் எவ்வாறு பயிற்றப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. மொழியை நான்கு திறன்களாகவும், பாடத்தைக் கலைச்சொற்களின் தொகுதியாகவும் கொள்ளும் நடைமுறை இத்துறைக்குப் போதாது என்று வாதிடுகிறது. குழந்தை வளர்ச்சித் துறையின் அடிப்படை நூல்கள் பலவும் பிற மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. அத்துறையில் பயில்வோர் தாம் கற்றதைக் குழந்தையின் வீட்டுமொழியில் திருப்பிச் சொல்ல வேண்டியவர்கள். ஆதலின் இம்மாணவர்களின் ஆங்கிலக் கல்வி மொழிபெயர்ப்பு உணர்வோடு கூடியதாக அமைய வேண்டும் என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குழந்தை வளர்ச்சி, முன்பருவக் கல்வி, துறைசார் ஆங்கிலம், கலைச்சொல், மொழிபெயர்ப்பு, அவதானிப்புக் குறிப்பு, வீட்டுமொழி.

முன்னுரை

தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு ஏற்ற ஊடகம் என்னும் கருத்தை யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே தன் அறிக்கையில் வலியுறுத்தியது. முன்பருவக் கல்வி குறித்துப் பின்னர் எழுந்த கொள்கை ஆவணங்கள் பலவும் இக்கருத்தை ஏற்றே பேசுகின்றன. ஆயினும், அக்குழந்தைகளுக்குக் கற்பிக்கவும் அவர்களைப் பேணவும் பயிற்சி பெறுவோர் உயர்கல்வி நிலையில் தம் பாடத்தைப் பெரும்பாலும் ஆங்கில நூல்கள் வழியே பயில்கின்றனர். குழந்தைக்கு வீட்டுமொழி, குழந்தையைப் பற்றிப் படிப்பவருக்கு ஆங்கிலம் என்னும் இந்த இரட்டை நிலை தமிழகக் கல்லூரிகளில் இயல்பானதாக ஏற்கப்பட்டுள்ளது. அது ஆய்வுக்கு உட்படுத்தப்படுவது அரிது.

இச்சூழலில் மாணவர்களின் இடர்ப்பாடு 'ஆங்கிலம் வராமை' எனச் சுருக்கிப் பேசப்படுகிறது. தீர்வாக இலக்கணப் பயிற்சியும், சொற்பட்டியலும், உரையாடல் வகுப்பும் முன்வைக்கப்படுகின்றன. இவற்றின் பயனை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால், இவற்றில் தேர்ச்சி பெற்ற மாணவரும் தாம் படித்த ஒரு கருத்தை ஒரு தாயிடம் தமிழில் விளக்க முயலும்போது தடுமாறுவது ஏன் என்னும் வினாவுக்கு இவை விடை தருவதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

துறைசார் ஆங்கிலமும் அதன் எல்லையும்

துறைசார் ஆங்கிலம் என்னும் கோட்பாட்டுக்குப் பரவலான வடிவம் தந்த நூல்களுள் ஹட்சின்சன், வாட்டர்ஸ் இருவரும் 1987இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. கற்பவரின் தேவை எது என்பதை முதலில் கண்டறிந்து, அதற்கேற்பப் பாடத்தை வகுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அத்தேவையைப் பணியிடத்தின் பக்கமிருந்து மட்டும் அளவிடாமல், கற்பவரின் பக்கமிருந்தும் காண வேண்டும் என்றனர். நடைமுறையில் பின்தங்கிவிட்டது இந்த இரண்டாம் கூறே. செவிலியர்க்கு ஆங்கிலம், பொறியாளர்க்கு ஆங்கிலம் என்னும் வரிசையில் குழந்தை வளர்ச்சி மாணவர்க்கும் ஆங்கிலம் என ஒரு பாடம் உருவாகும்போது, அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் கலைச்சொற்களாலும் வாசிப்புப் பத்திகளாலும் நிரம்புகிறது.

ஜிம் கம்மின்ஸ் 1979இல் அன்றாட உரையாடல் மொழித்திறனையும் கல்விசார் மொழித்திறனையும் வேறுபடுத்திக் காட்டினார். உரையாடல் திறன் விரைவில் கைவரும், கல்விமொழி கைவர ஆண்டுகள் ஆகும் என்னும் அவர் கருத்து, ஆங்கிலம் பேசும் நாடுகளில் குடியேறிய குழந்தைகளின் நிலையை விளக்கப் பெரிதும் உதவியது. தமிழ்வழி மாணவரின் நிலை இதற்கு மறுதலையானது. 'அட்டாச்மெண்ட்' என்பதன் இலக்கணத்தை அவர் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிடுவார். அதே சொல் ஓர் அன்றாடத் தொடரில் வந்தால் அதன் நயம் அவருக்குப் புலப்படுவதில்லை. கல்விமொழி மனப்பாடமாக முதலில் வந்துவிடுகிறது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய பேச்சுமொழி வரவே இல்லை.

இதன் விளைவு இத்துறையில் கூடுதலாக வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. 'சைகோட்', 'நியூரான்' போன்ற கலப்பற்ற கலைச்சொற்கள் மாணவர்க்குத் தொல்லை தருவதில்லை. அவற்றுக்கு ஒரே பொருள்தான் உண்டு. ஆனால் குழந்தை வளர்ச்சித் துறையின் மையச் சொற்கள் அன்றாட ஆங்கிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 'கேர்', 'பிளே', 'அட்டாச்மெண்ட்', 'ரெடினெஸ்', 'மைல்ஸ்டோன்' ஆகியவை தெருவிலும் வீட்டிலும் புழங்கிப் பின் துறைக்குள் வந்தவை. எளிய சொற்கள் என எண்ணி மாணவர் கடந்துசெல்லும் இடத்திலேயே பொருள் நழுவுகிறது. பியாஜே குழந்தையின் பேச்சைக் குறிக்கக் கையாண்ட 'ஈகோசென்ட்ரிக்' என்னும் அடைமொழியை 'சுயநலம் உடைய' எனப் புரிந்துகொள்ளும் மாணவர், அகராதியைத் தவறாகப் பார்த்தவர் அல்லர். அவர் பார்த்த பொருள் அகராதியில் உள்ளதே. பிறரது நோக்குநிலையிலிருந்து காண இயலாத ஓர் அறிதல் நிலையைச் சுட்டும் சொல், ஒழுக்கக் குறைபாட்டைச் சுட்டும் சொல்லாக மாறிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை மீது ஒரு குற்றச்சாட்டு எழுதப்பட்டுவிடுகிறது.

மொழிபெயர்ப்பாக வந்த துறை

ஆங்கிலத்தை இத்துறையின் மூலமொழி எனக் கொள்வது வரலாற்றுக்கு முரணானது. 'கிண்டர்கார்ட்டன்' என்னும் சொல்லை 1840இல் உருவாக்கிய ஃப்ரோபல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பியாஜே பிரெஞ்சிலும், வைகாட்ஸ்கி ரஷ்ய மொழியிலும், மாண்டிசோரி இத்தாலிய மொழியிலும் சிந்தித்தனர். மாணவர் கையில் உள்ள ஆங்கிலப் பாடநூல் இவர்களின் கருத்துகளை ஏற்கெனவே ஒருமுறை மொழிபெயர்த்துத் தருகிறது.

இதற்குத் தமிழக மண்ணிலேயே ஒரு சான்று உள்ளது. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கு நடந்த பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் உரையாற்ற, அவருடைய மகன் மரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். கேட்டவர்களில் மிகப் பலர்க்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவர்கள் தத்தம் மொழிக் குழந்தைகளிடம் அதை எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஆக, அந்த வகுப்பறையில் ஆங்கிலம் ஓர் இடைமொழி. மாண்டிசோரியின் புகழ்பெற்ற நூலான 'தி அப்சார்பென்ட் மைண்ட்' அகமதாபாத்தில் அவர் நிகழ்த்திய உரைகளை அடிப்படையாகக் கொண்டு, 1949இல் அடையாறிலிருந்தே ஆங்கிலத்தில் வெளிவந்தது. இத்தாலிய வடிவம் அதற்குப் பின்னர் 1952இல் வெளிவந்தது. சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் அந்நூல் முதலில் அச்சேறியது என்பது இத்துறையின் ஆங்கிலம் எத்தகையது என்பதை உணர்த்துகிறது.

வைகாட்ஸ்கியின் நூல்கள் ஆங்கிலத்துக்கு வந்த வரலாறு இன்னும் நுட்பமானது. 1934இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த அவருடைய முதன்மையான நூல் 1962இல் 'தாட் அண்ட் லாங்குவேஜ்' என்னும் தலைப்பில், பெரிதும் சுருக்கப்பட்ட வடிவில் ஆங்கிலத்தில் வந்தது. மூலத் தலைப்பில் உள்ள 'ரேச்' என்னும் ரஷ்யச் சொல் பேச்சைக் குறிப்பது. 1987இல் வந்த முழுமையான மொழிபெயர்ப்பு 'திங்கிங் அண்ட் ஸ்பீச்' எனத் தலைப்பைத் திருத்திக்கொண்டது. 'சிந்தனையும் மொழியும்' என்பதற்கும் 'சிந்தித்தலும் பேச்சும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வார். முன்னது ஓர் அமைப்பைச் சுட்ட, பின்னது குழந்தையின் வாயிலும் காதிலும் நிகழும் செயலைச் சுட்டுகிறது.

வைகாட்ஸ்கி கையாண்ட 'அபுச்சேனியே' என்னும் சொல் கற்றல், கற்பித்தல் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கக்கூடியது. 1978இல் தொகுக்கப்பட்ட 'மைண்ட் இன் சொசைட்டி' நூல் அதை 'லேர்னிங்' எனப் பெயர்த்தது. வேறு மொழிபெயர்ப்புகள் 'இன்ஸ்ட்ரக்ஷன்' என்றன. முதல் சொல்லில் ஆசிரியர் மறைகிறார். இரண்டாம் சொல்லில் குழந்தை மறைகிறது. தமிழிலோ கற்றலும் கற்பித்தலும் ஒரே வேரிலிருந்து தன்வினை, பிறவினை என்னும் முறையில் பிறந்தவை. 'கற்றல்-கற்பித்தல்' என்னும் இணைச்சொல் ஆசிரியப் பயிற்சி வட்டாரத்தில் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆங்கிலப் பெயர்ப்பில் இழந்த ஒன்றைத் தன் மொழியில் மீட்க வல்ல வாய்ப்பு தமிழ் மாணவர்க்கு இருக்கிறது. ஆங்கில நூலை மூலமாகக் கருதும் வரை அவ்வாய்ப்பை அவர் அறியார்.

இதேபோல், 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையின் வழியே பரவிய 'ஸ்காஃபோல்டிங்' என்னும் உருவகமும் கருதத்தக்கது. தேர்வு விடைகளில் இது 'உதவி செய்தல்' எனக் குறுகிப்போகிறது. கட்டடத் தொழிலாளர் வழக்கில் இதற்கு நேரான சொல் 'சாரம்'. சாரம் கட்டுவார்கள், பூச்சு முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பார்கள். பிரிக்கப்படுவதற்காகவே கட்டப்படுவது சாரம். உதவி படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட வேண்டும் என்னும் கருத்தின் உயிர்நிலை இதுவே. இச்சொல்லை நன்கறிந்த வீட்டிலிருந்து வரும் மாணவி, ஆங்கிலச் சொல்லை ஒலியாக மட்டும் மனனம் செய்து, தமக்குத் தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்கிறார்.

ஒரு சொல்லில் இரு கருத்துகள்

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்பது இதன் பொருளன்று. ஆங்கிலத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரு கருத்துகள் தமிழில் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும் இடங்களும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது துறையின் பெயரே. 'குரோத்' என்பது உயரம், எடை போன்ற அளவுசார் பெருக்கத்தையும், 'டெவலப்மெண்ட்' என்பது திறன்களின் பண்புசார் மாற்றத்தையும் குறிப்பதாகப் பாடநூல்கள் வகுக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் 'வளர்ச்சி' வழங்குகிறது. கல்வியியல் நூல்கள் சிலவற்றில் இரண்டாவதற்கு 'மேம்பாடு', 'முன்னேற்றம்' ஆகியவை ஆளப்படுகின்றன. இலங்கைத் தமிழ்க் கல்வி வழக்கில் 'விருத்தி' நிலைபெற்றுள்ளது. அங்கு 'முன்பிள்ளைப் பருவ விருத்தி' என்னும் தொடர் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் தமிழ்ப் பெயரில் உள்ள 'வளர்ச்சி' பரந்த பொருளுடையது. அதே அங்கன்வாடி மையத்தில் எடை பார்த்து வரைபடத்தில் குறிப்பதும் 'வளர்ச்சிக் கண்காணிப்பு' எனப்படுகிறது. எடை சரியாக இருந்தால் 'வளர்ச்சி நன்றாக இருக்கிறது' எனத் தாய்க்குச் சொல்லப்படும். சொன்னவர் எடையைக் குறித்துச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் எல்லாவற்றையும் குறித்து அமைதி கொள்ளலாம். இரண்டு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையின் தாய் அவ்வாறு அமைதி கொண்டால், இழக்கப்படுவது காலம். இவ்விடத்தில் ஆங்கில வேறுபாட்டை மாணவர் உறுதியாகக் கற்றிருக்க வேண்டும். கற்றதைத் தமிழில் 'எடையும் உயரமும்' என்றும், 'பேச்சும் பழக்கமும்' என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

'மைல்ஸ்டோன்' என்னும் சொல் வேறுவகைச் சிக்கலைக் காட்டுகிறது. ஆங்கிலத் துறைவழக்கில் அது வழியில் உள்ள ஒரு குறி. எவ்வளவு தொலைவு வந்தோம் என்பதை அறிவிப்பது. தமிழில் 'மைல்கல்' இதழியல் வழியே 'பெருஞ்சாதனை' என்னும் பொருளை ஏற்றுவிட்டது. ஒரு குழந்தை நடப்பதை 'வளர்ச்சி மைல்கல்' எனக் கூறும்போது, நடப்பதில் போட்டியும் முந்துதலும் உள்ளதுபோல் தொனிக்கிறது. சொல்லுக்குச் சொல் நேராக அமைந்த பெயர்ப்பே இங்குப் பொருளைத் திரிக்கிறது. 'பராமரிப்பு' என்பதும் அத்தகையதே. கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் பொதுவான அச்சொல், 'கேர்' என்பதில் உள்ள பரிவைத் தாங்கவில்லை. 'பேணல்' அதைத் தாங்கும்.

வீட்டு வழக்கு என்னும் வளம்

குழந்தையைச் சுற்றித் தமிழ் வீடுகளில் வழங்கும் சொற்கள் உற்றுநோக்கலால் விளைந்தவை. 'தலை நின்றுவிட்டது', 'முகம் பார்த்துச் சிரிக்கிறது', 'குப்புற விழுகிறது', 'தவழ்கிறது', 'பிடித்துக்கொண்டு நிற்கிறது' ஆகிய தொடர்களை வரிசைப்படுத்தினால், முதலாண்டு உடலியக்க, சமூக வளர்ச்சியின் பட்டியல் ஏறத்தாழ அமைந்துவிடுகிறது. 'தளர்நடை', 'மழலை' ஆகியவை இலக்கியத்தில் வாழ்ந்து இன்றும் பொருள் விளங்குவன.

இவற்றுள் 'வேற்றுமுகம்' தனித்துக் கருதத்தக்கது. முதலாண்டின் பிற்பகுதியில், அறியாதவர் தூக்கினால் குழந்தை முகம் சுருங்கி அழத் தொடங்கும் நிலையைத் தமிழ்ப் பெண்டிர் 'வேற்றுமுகம் தெரிகிறது' என்பர். பாடநூல் இதை 'ஸ்ட்ரேஞ்சர் ஆங்சைட்டி' என்கிறது. ஆங்கிலச் சொல் அச்சத்தை முன்னிறுத்துகிறது. தமிழ்த் தொடர் அறிதலை முன்னிறுத்துகிறது: தெரிந்த முகம், தெரியாத முகம் என்னும் பாகுபாடு குழந்தைக்கு வந்துவிட்டது என்பதே அதன் செய்தி. பாட்டி இதைச் சொல்லும் குரலில் ஒரு மகிழ்ச்சியும் இருக்கும். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'உங்கள் குழந்தைக்கு அந்நியரைக் கண்டால் பதற்றம் உள்ளது' என்று பயிற்சி மாணவி ஒரு தாயிடம் கூறினால், இயல்பான ஒரு வளர்நிலை நோயாகிவிடும். அத்தாய் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்று அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, அச்சமாகத் திருப்பித் தரப்படுகிறது.

'அட்டாச்மெண்ட்' என்பதற்குப் 'பற்று' என்று எழுதும் பெயர்ப்புகளும் உண்டு. தமிழில் பற்று துறக்கப்பட வேண்டியது என்னும் சமய, அறநூல் மரபு வலுவானது. பவுல்பி 1969இல் விரித்துரைத்த கருத்தோ, அப்பிணைப்பு இல்லாமல் குழந்தை உலகை ஆராயத் துணியாது என்பது. வீட்டு வழக்கில் 'ஒட்டுதல்' என்பதும், பிரிவின்போது குழந்தை 'ஏங்கிப்போகிறது' என்பதும் அவர் விளக்கிய இரு நிலைகளுக்கு மிக அருகில் நிற்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் காட்டி, மேலை நாட்டார் கண்டதை நம் முன்னோர் முன்பே கண்டனர் என வாதிடும் போக்கு தமிழாய்வில் உண்டு. கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரையும், கைகொட்டும் சப்பாணியும், தளர்நடையிட்டு வரும் வருகையும் குழந்தையின் உடலியக்கத்தைக் கூர்ந்து நோக்கியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் இலக்கிய மரபின் கூறுகள். பாட்டியல் நூல்கள் கூறும் திங்கள் கணக்கை மருத்துவ அளவுகோலாகக் கொள்ளுதல் இரு துறைகளுக்கும் தீங்கு செய்யும். பிள்ளைத்தமிழிலிருந்து இத்துறை பெறத்தக்கது சொல்வளமும் நோக்கும் பழக்கமும் மட்டுமே.

அவதானிப்புக் குறிப்பின் மொழி

குழந்தை வளர்ச்சிக் கல்வியில் மாணவர் எழுதும் எழுத்துகளுள் தலையாயது அவதானிப்புக் குறிப்பு. கண்டதைக் கண்டவாறு எழுதுதல், கருதியதைத் தனியே எழுதுதல் என்பது அதன் விதி. ஆங்கிலத் திறன் குறைவு மிகுந்த சேதம் விளைவிப்பது இங்கேயே.

அங்கன்வாடிக்கு முதல் வாரம் வரும் மூன்று வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'தி சைல்ட் இஸ் ஷை. ஷி இஸ் ஸ்லோலி அட்ஜஸ்டிங்' என ஆங்கிலத்தில் இரு தொடர்களோடு குறிப்பு முடியக்கூடும். இலக்கணப் பிழை இல்லை. ஆசிரியரும் மதிப்பெண் இடுவார். அதே மாணவி தமிழில் எழுதியிருந்தால் பின்வருமாறு அமைந்திருக்கலாம்: 'அம்மா வாசலைத் தாண்டியதும் எழுந்து கதவருகே போய் நின்றாள். ஆயா கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தாள், வரவில்லை. பாட்டுத் தொடங்கியதும் வாய் மட்டும் அசைந்தது, கை தட்டவில்லை. சத்துமாவு உருண்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.' முதற் குறிப்பில் ஒரு தீர்ப்பு உள்ளது, குழந்தை இல்லை. இரண்டாவதில் குழந்தை இருக்கிறாள், தீர்ப்பு இல்லை. பாட்டின் சொற்கள் அவளுக்குத் தெரியும் என்பதும், அழைப்பை அவள் கேட்டாள் என்பதும் இரண்டாம் குறிப்பால் மட்டுமே தெரியவருகின்றன. சொற்கள் போதாத மொழியில் எழுதுபவர் பெயரடைகளை நாடுகிறார். 'ஷை', 'நாட்டி', 'டல்', 'ஆக்டிவ்' ஆகிய நான்கைந்து சொற்களுக்குள் வகுப்பறைக் குழந்தைகள் அனைவரும் அடக்கப்பட்டுவிடுகின்றனர்.

இலக்கண நிலையிலும் ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. மகவு, குழவி ஆகிய சொற்கள் உயர்திணைப் பொருள் உடையனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கிறது. 'குழந்தை அழுதது' என்பதே இன்றும் இயல்பான தமிழ். அந்த 'அது' இழிவைச் சுட்டுவதன்று, அன்பின் வழக்கு. இவ்வழக்கில் ஊறிய மாணவர் ஆங்கிலத்தில் 'இட்' என எழுதும்போது அது பிழையாகிறது. படிப்பவர்க்கு அக்கறையின்மையாகவும் படுகிறது. பிழையைச் சிவப்பு மையில் திருத்துவதோடு நிற்காமல், இரு மொழிகளும் குழந்தையை எத்திணையில் வைக்கின்றன என விளக்கினால், மாணவர் ஒரு விதியோடு ஒரு பார்வையையும் பெறுவார்.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும்போது எழும் இடர் இதனினும் கடுமையானது. குழந்தை வளர்ச்சி ஆய்வுகளின் முடிவுகள் 'மே', 'டெண்ட் டு', 'அசோசியேட்டட் வித்' போன்ற தயக்கச் சொற்களோடு எழுதப்படுகின்றன. சொற்பட்டியலில் இடம்பெறாத இச்சிறு சொற்களை மாணவர் விட்டுவிடுகிறார். 'திரை பார்க்கும் நேரமும் பேச்சுத் தாமதமும் தொடர்புடையனவாக இருக்கலாம்' என்னும் முடிவு, 'திரை பார்ப்பதால் பேச்சு தாமதமாகிறது' என மாறுகிறது. தொடர்பு காரணமாகிவிடுகிறது, காரணம் பழியாகிவிடுகிறது. வேலைக்குச் செல்லும் தாயொருவர் அப்பழியைச் சுமக்க நேர்கிறது. தமிழில் 'கூடும்', 'லாம்', 'போலும்' என ஐயத்தையும் வாய்ப்பையும் உணர்த்தும் வடிவங்கள் குறைவின்றி உள்ளன. அவற்றோடு இணைத்துக் காட்டாத ஆங்கிலப் பாடம், ஆய்வின் முடிவைக் கற்பித்து, அதன் நேர்மையைக் கற்பிக்காமல் விட்டுவிடுகிறது.

எதிர்வாதம்

மேற்கண்ட வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆங்கிலமே வேலைக்கும் ஆய்வுக்கும் அயல்நாட்டு வாய்ப்புக்கும் வழி. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவரிடம் தமிழின் வளத்தை எடுத்துரைப்பது, ஆங்கிலத்தை ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களின் சொகுசு. இம்மறுப்பில் உண்மை உள்ளது. ஆங்கிலம் மறுக்கப்படுதல் சமூக நீதிக்கு எதிரானது என்னும் உணர்வு தமிழகத்தில் ஆழமானது, நியாயமானதும்கூட.

ஆனால் இம்மறுப்பு, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒன்றுக்கொன்று இடம் விட வேண்டியவையாகக் கொள்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வகுப்பறைகளை அடிப்படையாகக் கொண்டு சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல் இதற்கு மாறான சித்திரத்தைத் தருகிறது. மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் எழுதிய தமிழ்க் குறிப்புகளையும் வரைந்த படங்களையும் அவர் ஆராய்ந்தார். ஆங்கிலத்தை ஒதுக்காமலும் அதற்கு அடிபணியாமலும் தமக்குரியதாக ஆக்கிக்கொள்ளும் முயற்சியின் தடங்களை அவர் அங்குக் கண்டார். ஓரக்குறிப்பில் ஒளிந்து நடப்பதைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைப்பதே இக்கட்டுரை வேண்டுவது.

அயல்நாட்டு வாய்ப்பு என்னும் அளவுகோலும் இதற்கு எதிராகப் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆசிரியப் பணிக்கான திறன் மதிப்பீட்டில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்த ஐஇஎல்டிஎஸ் தேர்ச்சி, படித்தலிலும் எழுதுதலிலும் 7. கேட்டலிலும் பேசுதலிலும் 8. குழந்தைகளோடும் பெற்றோரோடும் பேசுவதே ஆசிரியரின் மொழிப்பணியில் முதன்மையானது என்னும் புரிதலோடு இது பொருந்துகிறது. மனப்பாட வரையறைகளை எழுதிப் பழகிய ஆங்கிலம் அவ்வாசலையும் திறக்காது.

பயிற்றுமுறைக்கான முன்மொழிவுகள்

மேற்கண்ட திறனாய்விலிருந்து நான்கு நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அவதானிப்புக் குறிப்பை இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதும் இருபக்க ஏடு. தமிழில் முதலில் எழுதப்பட்டதே ஆங்கிலத்தின் அளவையும் தரத்தையும் தீர்மானிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் இருந்து ஆங்கிலப் பக்கத்துக்கு வராமல் போனவை எவை என்பதே ஆங்கில வகுப்பின் பாடப்பொருள் ஆகும். இரண்டாவது, ஒரு பருவத்துக்குப் பத்து மையச் சொற்களை மட்டும் எடுத்து, அவை எம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தன, தமிழில் எத்தனை வகையாகப் பெயர்க்கப்பட்டுள்ளன, வீட்டு வழக்கில் இணையான சொல் உண்டா என ஆராய்தல். மூன்றாவது, ஆய்வுச் சுருக்கங்களை வாசிக்கும்போது தயக்கச் சொற்களை அடிக்கோடிட்டு, அவற்றை விடாது தமிழில் பெயர்க்கும் பயிற்சி. நான்காவது, வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதியாக, படித்த ஆங்கிலப் பத்தி ஒன்றை, கல்லூரி காணாத ஒரு தாய்க்குச் சொல்வதுபோல் தமிழில் விளக்கச் செய்தல்.

இவற்றுக்குக் கூடுதல் பொருட்செலவு இல்லை. தேவைப்படுவது, ஆங்கிலத் துறை ஆசிரியரும் மனையியல் துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பாடத்தை வகுத்தல். இரு துறைகளும் தனித்தனியே இயங்கும் கல்லூரி அமைப்பில் அதுவே கடினமானது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முடிவுரை

குழந்தை வளர்ச்சி மாணவர்களின் ஆங்கிலச் சிக்கலை இலக்கணக் குறைவாகவும் சொற்குறைவாகவும் மட்டும் காண்பது போதாது. இத்துறையின் ஆங்கிலம் பிற மொழிகளிலிருந்து கருத்துகளைப் பெற்று வந்தது. மாணவரின் வழியே மீண்டும் வேறொரு மொழிக்குச் செல்ல வேண்டியது. வருகையை அறியாதவர் நூலை ஐயமின்றி நம்புகிறார். செல்கையைப் பயிலாதவர் கற்றதைத் தாயிடம் சேர்க்க இயலாது நிற்கிறார். 'வளர்ச்சி' என்பதில் ஆங்கிலம் தமிழைத் தெளிவுபடுத்துகிறது. 'வேற்றுமுகம்' என்பதில் தமிழ் ஆங்கிலத்தைத் திருத்துகிறது. இரண்டையும் செய்ய வல்லவராக மாணவரை ஆக்குவதே இத்துறைக்குரிய ஆங்கிலக் கல்வியின் நோக்கமாக அமைய வேண்டும்.

எனவே இத்துறையில் ஆங்கிலத் திறனை மதிப்பிடும் வினாத்தாள், 'அட்டாச்மெண்ட் என்பதை வரையறுக்க' என்னும் வினாவோடு நிறைவடையக் கூடாது. 'பணிக்குச் செல்லும் தாய் விடைபெறும்போது அழும் குழந்தையைக் குறித்து அத்தாயிடம் என்ன கூறுவீர்?' என்னும் வினாவும் அதில் இடம்பெற வேண்டும். அவ்வினாவுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் விடை எழுத இயன்ற மாணவரே இத்துறைக்கு வேண்டிய மொழித்திறனைப் பெற்றவர் ஆவார்.